பாசி ஏறினாலும் கரண்ட் போனாலும் ரீஃப் தொட்டியைக் காப்பாற்றும் முறை

200 லிட்டர் கடல்நீரில், 25 டிகிரி வெப்பத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மொத்தமே ஒன்றரை கிராமுக்குள்தான். அதே 200 லிட்டர் காற்றில் ஐம்பது கிராமுக்கு மேல் இருக்கிறது. மீன், பவளம், கல்லுக்குள் ஒளிந்திருக்கும் புழு, மணலில் இருக்கும் பாக்டீரியா என்று ரீஃப் தொட்டியில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், உயிருள்ள அத்தனையும் இந்தச் சின்னக் கையிருப்பை நம்பித்தான் மூச்சு விடுகின்றன. பம்ப் ஓடி மேற்பரப்பு கலங்கிக்கொண்டிருக்கும்வரை, குறையக் குறைய நிரம்பிவிடும். கரண்ட் போனால் நிரம்புவது நின்றுவிடும். செலவு மட்டும் நிற்காது.

பாசிப் பிரச்சினையையும் கரண்ட் பிரச்சினையையும் பலர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஆனால் பாசி வெளிச்சத்தில்தான் ஆக்சிஜன் தரும். விளக்கு அணைந்ததும் அதுவும் மற்ற உயிர்களோடு சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கத் தொடங்கும். பாசி மண்டிய தொட்டியில் கரண்ட் போனால், சுத்தமான தொட்டியைவிட வெகு சீக்கிரம் மூச்சு முட்டும். கரண்ட் வந்த பிறகு, அந்த இருட்டில் செத்துப்போனவை எல்லாம் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறி அடுத்த பாசிக்குத் தீனியாகும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

எண்கள்

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு; ஒப்படர்த்தி 1.026), வெப்பம் 25 முதல் 27 டிகிரி, ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது), மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.10 பிபிஎம். பாசி விஷயத்தில் கடைசி இரண்டும்தான் முக்கியம்.

இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பால்தான் மிக மோசமான பாசி வருகிறது, பின்னால் பார்ப்போம். இன்னொரு ஏமாற்று, தொட்டி முழுக்க முடிப் பாசி இருக்கும்போது டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டுவது. சத்து இல்லாமல் இல்லை. கல்லிலிருந்தும் உணவிலிருந்தும் வருவதை எல்லாம் நீங்கள் அளப்பதற்கு முன்பே பாசி குடித்துவிடுகிறது.

பாஸ்பேட்டுக்கு நிறம் ஒப்பிடும் கிட் உதவாது. 0.03க்கும் 0.08க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிஜிட்டல் கலரிமீட்டர் வாங்குங்கள். ஹன்னா செக்கர் என்ற கலரிமீட்டரில் பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு) அளவு காட்டும் பாஸ்பரஸ் வகை இருந்தால், அது காட்டுவது பாஸ்பேட் அல்ல. வரும் எண்ணை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். திரையில் 20 என்றால் பாஸ்பேட் 0.06 பிபிஎம்.

பாசியை அடையாளம் காணாமல் கை வைக்காதீர்கள்

ஒரு வகைக்கு மருந்தாவது இன்னொரு வகைக்கு உரமாகலாம். டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி நுண்ணுயிர்) இருக்கும் தொட்டியில் பாஸ்பேட்டை இறக்கினால் அது கொண்டாடும். அதனால் முதலில் இனம் காணுங்கள்.

மணல்மேல் பழுப்புத் தூள் படிந்து, விரலால் தட்டினால் புழுதியாகப் பறந்தால் டயட்டம். புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் வரும், சிலிக்கேட் தீர்ந்ததும் போகும். எதுவும் செய்ய வேண்டாம். பழைய தொட்டியில் திடீரென்று வந்தால் ஆர்ஓ-டிஐ (தொட்டிக்கான நீரைச் சுத்திகரிக்கும் கருவி) ரெசின் தீர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரெசின் சோர்ந்தால் முதலில் நழுவி வருவனவற்றில் சிலிக்கேட்டும் ஒன்று. டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) மீட்டர் 0 காட்டும் நீர்தான் தொட்டிக்குப் போக வேண்டும். 1 காட்டினாலே ரெசினை மாற்றுங்கள்.

சிவப்பு அல்லது ஊதாப் பாய்போல விரிந்து, ஓரத்தைத் தூக்கினால் ஏடு ஏடாக உரிந்து வந்தால் சயனோ. இது பாசியே அல்ல, பாக்டீரியா. நீரோட்டம் படாத மூலையில்தான் பெரும்பாலும் தொடங்கும். 6 மில்லிமீட்டர் குழாயால் உறிஞ்சி, ஃபில்டர் சாக் (வடிகட்டும் பை) வழியாக சம்புக்குள் (கீழே உள்ள துணைத் தொட்டிக்குள்) விடுங்கள். நீர் வீணாகாது, சயனோ சாக்கில் தங்கும். அந்த மூலைக்கு வேவ்மேக்கரை (நீரோட்டம் தரும் பம்ப்பை) திருப்புங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இப்படி மூன்று வாரம் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்த பொடிகள் இரண்டு நாளில் சயனோவைக் கரைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் கரைவது அழுகும்போது ஆக்சிஜன் சரேலென்று இறங்கும். ஸ்கிம்மரும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) பொங்கி வழிவதால் கப்பைக் கழற்றிவைக்க வேண்டியிருக்கும். ஏர் ஸ்டோன் ஓயாமல் ஓட வேண்டும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில், பேட்டரி ஏற்பாடு இல்லாமல் இந்தப் பொடியைத் தொடவே தொடாதீர்கள்.

பச்சை மணிகள்போலப் பளபளப்பது குமிழ்ப் பாசி. கல்லை வெளியே எடுத்து, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் அடியோடு நெம்பி எடுங்கள். கல் அசையாதென்றால் ஒரு கையால் நெம்பிக்கொண்டே மறு கையில் குழாயால் உறிஞ்சுங்கள். எமரால்டு நண்டு சிறிய மணிகளைத் தின்னும், பெரியவற்றைச் சீண்டாது.

முடிப் பாசி

பச்சை முடிபோல நீள்வதில் இரண்டு உண்டு. ஒரு நாரைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் நீர் விட்டுப் பாருங்கள். சாதா நூல்போல இருந்தால் டெர்பேசியா போன்ற முடிப் பாசி. நடுவே ஒரு தண்டும் இருபுறமும் இறகுபோலக் கிளைகளும் தெரிந்தால் பிரையாப்சிஸ். இந்த இரண்டாவது, நத்தைகள் பெரும்பாலும் சீண்டாதது. சத்தைக் குறைத்தாலும் அசைந்து கொடுக்காது.

முடிப் பாசியில் எல்லோரும் செய்யும் தவறு, நத்தையை வாங்கி விட்டுவிட்டுக் காத்திருப்பது. மூன்று சென்டிமீட்டர் நீண்ட பாசியை நத்தை தின்னாது. அது மேய்வது, நீங்கள் மழித்த பிறகு துளிர்ப்பதை. எனவே முதல் வேலை கைவேலைதான்.

ஒரு வாளியில் தொட்டி நீரை எடுத்துக்கொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடங்க வேண்டாம். சோவாந்தஸ், பாலிதோவா என்ற பவளத்துக்கு உறவான உயிர்கள் ஒட்டிய கற்களைத் தேய்க்கும்போது தெறிக்கும் நீரில் பாலிடாக்சின் இருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்தான நஞ்சு. அத்தகைய கல்லை வெந்நீரில் போடுவதோ கொதிக்கவைப்பதோ கூடவே கூடாது, ஆவியில் கிளம்பும் நஞ்சு மூச்சில் போகும். கல்லை வாளியில் வைத்து, முதலில் கையால் கொத்தாகப் பிடுங்குங்கள், பிறகு பழைய டூத் பிரஷ். இரண்டாவது வாளி நீரில் அலசித் தொட்டியில் வையுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பறந்து எல்லாக் கல்லிலும் ஒட்டும். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் எடுக்காமல் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்.

பிடிவாதமான திட்டுகளுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கல் வெளியில் இருக்கும்போது, பவளத்தின்மேல் படாமல், பாசிமேல் மட்டும் சொட்டு விடுங்கள். நுரைக்கும். ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டி நீரில் அலசிவிட்டு உள்ளே வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பாசி வெளிறி உதிரும். நேரடியாகத் தொட்டியில் ஊற்றுவதென்றால் 40 லிட்டருக்கு நாளொன்றுக்கு 1 மில்லிக்கு மேல் வேண்டாம். கிளீனர் இறால் இதைத் தாங்காமல் போகலாம்.

பிரையாப்சிஸுக்கு ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து. லிட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது உண்மையான நீர் 200 லிட்டர் என்றால் 1000 மில்லிகிராம். கல்லும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். 240 லிட்டர் தொட்டியில் நீர் 200 லிட்டர்தான் இருக்கும். கார்பனையும் (வடிகட்டும் கரித்துகள்) ஜிஎஃப்ஓவையும் (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள்) எடுத்துவிட்டு, யூவியை (நீரில் மிதக்கும் நுண்ணுயிரைக் கொல்லும் புற ஊதா விளக்கு) அணைத்து, ஸ்கிம்மரைக் கப் இல்லாமல் காற்றுக்காக மட்டும் ஓட விட்டு, 14 நாள் நீர் மாற்றாமல் இருக்க வேண்டும். முதல் சில நாள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பொறுமையிழந்து இரண்டாம் தடவை போடாதீர்கள். ஒரு வாரத்துக்குள் நிறம் வெளுக்கத் தொடங்கும். வெளுத்ததை அங்கேயே அழுக விடாமல் உறிஞ்சி எடுங்கள். முடிந்ததும் 25 சதவீத நீர் மாற்றி, புது கார்பன் போடுங்கள். டெர்பேசியாவுக்கும் இது பல தடவை வேலை செய்கிறது, சயனோவுக்குச் செய்யாது.

எரிகிறதைப் பிடுங்கினால்தான் கொதிக்கிறது அடங்கும். பாசியைப் பிடுங்கிவிட்டு பாஸ்பேட்டை அப்படியே விட்டால் ஆறு வாரத்தில் பழைய கதை. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பாஸ்பேட் நீரில் மட்டும் இருப்பதில்லை, சுண்ணாம்புக் கல்லிலும் மணலிலும் ஒட்டியிருக்கிறது. நீரில் குறைத்தால் கல் தன் கையிருப்பை அவிழ்த்துவிடும். 30 சதவீத நீர் மாற்றிய மறுநாளே எண் பழைய இடத்துக்கு வருவது இதனால்தான். கிட் பழுது என்று நினைக்க வேண்டாம். ஜிஎஃப்ஓவைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் கால் பங்கில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து, ஒரு வாரத்தில் பாஸ்பேட் பாதிக்கு மேல் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 0.3 இருந்த தொட்டியை நாலு நாளில் 0.02க்குக் கொண்டுவந்தால் அக்ரோபோரா பவளம் நுனியிலிருந்து உரிய ஆரம்பிக்கும். பாசி போயிற்று, பவளமும் போயிற்று என்று ஆகும்.

உறைந்த உணவை உருக்கும் நீரை வடிகட்டிக் கொட்டுவது, ஃபில்டர் சாக்கை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, விளக்கை 8 மணி நேரத்துக்குக் குறைப்பது எல்லாம் சின்ன வேலைகள், ஆனால் மருந்தைவிட அதிகம் செய்பவை. மேய்ச்சலுக்கு டிரோக்கஸ் நத்தை நல்லது. கவிழ்ந்தாலும் தானே நிமிரும். அஸ்ட்ரேயா நிமிர முடியாமல் மணலில் கிடந்து சாகும், தினமும் பார்க்க வேண்டும். நசாரியஸ் நத்தை பாசி தின்னாது. அதை பாசிக்கென்று விற்றால் நம்பாதீர்கள். கடல் முயல் எனப்படும் ஓடில்லா நத்தை முடிப் பாசியை அசுர வேகத்தில் மேயும், மேய்ந்து முடித்ததும் பட்டினியில் சாகும். அதற்குள் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

டைனோ

பழுப்பு நிறச் சளி, நூல்போல இழுபட்டு, நுனியில் காற்றுக் குமிழி, காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருந்தால் டைனோஃபிளாஜெல்லேட்டாக இருக்கும். உறுதி செய்ய ஒரு சோதனை. கொஞ்சம் சளியைத் தொட்டி நீரோடு சிறு பாட்டிலில் எடுத்து, அது முழுதாகக் கலையும்வரை குலுக்குங்கள். காபி வடிகட்டும் தாளில் வடித்து, தெளிந்த நீரை விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூல் நூலாகத் திரண்டால் டைனோதான். 400 மடங்கு நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது; ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகை ஓர் எள் வடிவில், கூர்முனையைக் கட்டிப்போட்டதுபோல ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஆம்ஃபிடினியம் என்ற வகை சறுக்கிக்கொண்டே நகரும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போய், போட்டி போட வேறு உயிர் இல்லாதபோதுதான் இது பெரும்பாலும் வரும். எனவே வைத்தியம் தலைகீழ். ஜிஎஃப்ஓவை எடுங்கள், வினிகர் போன்றவற்றை ஊற்றிப் பாக்டீரியாவை வளர்க்கும் கார்பன் டோஸிங்கை நிறுத்துங்கள், நீர் மாற்றுவதை நிறுத்துங்கள். நைட்ரேட்டை 5 முதல் 10க்கும் பாஸ்பேட்டை 0.10க்கும் உயர்த்திப் பிடியுங்கள். 200 லிட்டரில் நைட்ரேட்டை 5 பிபிஎம் ஏற்ற 1.4 கிராம் சோடியம் நைட்ரேட் வேண்டும். மூன்று நாளில் பிரித்துப் போடுங்கள். பாஸ்பேட்டுக்கு அளவிட்டு விற்கும் கரைசலே வசதி. தினமும் அளக்க வேண்டும், ஏனென்றால் போட்டதைக் கல் உறிஞ்சிக்கொண்டு மறுநாள் மறுபடி பூஜ்யம் காட்டும்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கும், அப்போது யூவி அதைக் கொல்லும். 200 லிட்டருக்கு 15 முதல் 20 வாட், சம்பிலிருந்து அல்லாமல் மேல் தொட்டியிலிருந்தே நீரை எடுத்து மேல் தொட்டிக்கே விட வேண்டும். ஆம்ஃபிடினியம் இரவிலும் மணலை விட்டு வராது. அதற்கு யூவி வைத்துப் பயனில்லை. சிலிக்கேட் சேர்த்து டயட்டத்தை வளர்த்துப் போட்டியை உண்டாக்குவதுதான் அங்கே வழி. நத்தைகள் காரணமின்றிச் சாகின்றன என்றால் நச்சுள்ள வகை, கார்பனைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

மூன்று நாள் முழு இருட்டு என்ற வைத்தியம் டைனோவுக்கும் சயனோவுக்கும் பரவலாகச் சொல்லப்படுகிறது. செய்யலாம், ஆனால் அந்த மூன்று நாளும் தொட்டியில் ஆக்சிஜன் உற்பத்தியே கிடையாது, பாசி செத்து அழுகுவது வேறு. கரண்ட் உறுதியில்லாத நாட்களில் போர்வையை மூடாதீர்கள்.

கரண்ட் போவதற்கு முன்

தொட்டிக்குக் கரண்ட் போவதென்றால் ஊருக்கே போவது என்று மட்டும் எண்ண வேண்டாம். உப்பு படிந்த ஒரு பிளக்கால் தொட்டியின் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் டிரிப் ஆகும்; வீடு முழுக்க விளக்கு எரியும், தொட்டி மட்டும் நின்றிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் இரண்டு வேவ்மேக்கர் இருந்தால் இரண்டையும் வெவ்வேறு சர்க்யூட்டில் போடுங்கள். மெயின் போனதும் தானே இயங்கும் பேட்டரி ஏர் பம்ப்பைத் தொட்டியின் சர்க்யூட்டிலேயே சொருகுங்கள். வேறு சுவரில் சொருகினால் டிரிப் ஆனது அதற்குத் தெரியாது. ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் செக் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் பம்ப் சும்மா இருக்கும் நேரத்தில் நீர் அதற்குள் வழிந்துவிடும்.

பேட்டரிக் கணக்கு இப்படி. 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லெட்-ஆசிட் பேட்டரியில் 1200 வாட்-அவர். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் கெடும், ஆகவே 600. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 10 முதல் 15 வாட் தின்னும். 10 வாட் வேவ்மேக்கர் ஒன்றுக்காக இன்வெர்ட்டரை ஓட்டினால் மொத்தம் சுமார் 22 வாட், 27 மணி நேரம் வரும். அதே வேவ்மேக்கர் 12 வோல்ட் டிசி என்றால் இன்வெர்ட்டரே இல்லாமல் பேட்டரியோடு நேராக இணைக்கலாம், 60 மணி நேரம். 40 வாட் ரிட்டர்ன் பம்ப்பையும் (சம்ப் நீரை மேல் தொட்டிக்கு ஏற்றும் பம்ப்) சேர்த்தால் இன்வெர்ட்டரில் பத்து மணி நேரம்கூட வராது. எனவே நீண்ட வெட்டுக்கு ரிட்டர்ன் பம்ப்பை விட்டுவிட்டு வேவ்மேக்கரை மட்டும் காப்பாற்றுங்கள். மேற்பரப்பைக் கலக்கும்படி மேல்நோக்கித் திருப்பிவையுங்கள். நேரடி இணைப்பில் அடாப்டரின்மேல் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். 24 வோல்ட் பம்ப்புக்கு ஸ்டெப்-அப் கன்வெர்ட்டர் வேண்டும். சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பேட்டரி 14 வோல்டைத் தாண்டும் என்பதையும் கன்ட்ரோலர் தாங்குமா என்று பாருங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் இருக்கட்டும். இன்வெர்ட்டர் வாங்கினால் சுத்த சைன் வேவ். மற்றவற்றில் ஏசி பம்ப் இரைந்து சூடேறும். ஹீட்டரும் சில்லரும் பேட்டரிப் பக்கமே வரக் கூடாது.

எப்போதும் தொட்டியின் ஐந்தில் ஒரு பங்கு உப்புநீர் கலந்து, மூடி போட்டுத் தயாராக இருக்க வேண்டும். கரண்ட் இல்லாதபோது ஆர்ஓவும் ஓடாது, உப்புக் கலக்கவும் முடியாது.

கரண்ட் போன பிறகு

முதலில் தீனி நிறுத்தம். மீன் பல நாள் பட்டினி தாங்கும். தின்றால் ஆக்சிஜன் செலவும் அம்மோனியாவும் கூடும். விளக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம், பவளம் இரண்டு மூன்று நாள் இருட்டைத் தாங்கும்.

ஏர் பம்ப் இல்லையென்றால் ஒரு லிட்டர் கோப்பையால் நீரை மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம். குமிழி உள்ளே கிளம்புவதில் பெரிய லாபம் இல்லை, மேற்பரப்பு உடைவதில்தான் லாபம். தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குப் பொது எண் கிடையாது. மீன் நெரிசலும் பாசியும் உள்ள தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே இறுக்கம் தெரியலாம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதற்குக் காத்திருக்க வேண்டாம். டார்ச் அடித்துக் கற்களைப் பாருங்கள். பிரிசில் புழுக்களும் பிரிட்டில் ஸ்டார்களும் பொந்தை விட்டு வெளியேறி மேலே ஏறினால், கல்லுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது.

சம்பில் நீர்மட்டம் ஏறியிருக்கும். அது மேல் தொட்டியிலிருந்து இறங்கிய நீர். தொடாதீர்கள். மேல் தொட்டியில் குறைந்திருக்கிறதே என்று நல்ல நீரை (உப்பில்லாத நீரை) ஊற்றினால், பம்ப் திரும்ப ஓடும்போது உப்பு குறையும்.

குளிர்ந்தால் தொட்டியைப் போர்வையால் சுற்றுங்கள், மேல்பக்கம் காற்றுக்கு இடம் விட்டு. வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களை மிதக்க விடலாம். சூடேறினால் உறைந்த நீர்ப் பாட்டில்: 200 லிட்டரில் ஒரு கிலோ பனிக்கட்டி அரை டிகிரிக்குச் சற்று மேல் குறைக்கும். இரண்டு டிகிரி இறக்க நாலு பாட்டில் என்று வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். மேற்பரப்பில் சிறு டிசி விசிறி இன்னும் சிக்கனம். ஒரு லிட்டர் ஆவியானால் 200 லிட்டரிலிருந்து மூன்று டிகிரிக்கான வெப்பத்தை எடுத்துப்போகும். சுற்றியுள்ள காற்று அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்றாலும் பலன் உண்டு. ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்கு வெளியே மட்டும் ஓட வேண்டும்; அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

கரண்ட் வந்ததும்

எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்குவதுதான் ஆபத்து. முடிந்தால் மெயினை அணைத்துவிட்டு வரிசையாகப் போடுங்கள்.

1. கேனிஸ்டர், ஜிஎஃப்ஓ அல்லது பெல்லட் ரியாக்டரைப் போடாதீர்கள். மூடிய குடுவைக்குள் சில மணி நேரம் நின்ற நீரில் ஆக்சிஜன் இருக்காது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. அந்த நீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டி நீரில் அலசிய பிறகுதான் இணைக்க வேண்டும்.
2. வேவ்மேக்கர், அடுத்து ரிட்டர்ன் பம்ப். ஐந்து நிமிடம் நின்று ஓவர்ஃப்ளோ (மேல் தொட்டி நீரைச் சம்புக்கு இறக்கும் வழி) சரியாக இழுக்கிறதா பாருங்கள்.
3. சம்ப் மட்டம் நிலைத்து, ஹீட்டர் முழுதும் மூழ்கியிருப்பது உறுதியான பிறகு ஹீட்டர்.
4. ஸ்கிம்மர், முதல் ஒரு மணி நேரம் கப் இல்லாமல், இல்லாவிட்டால் பொங்கும். பிறகு ஒரு வாரம் ஈரமாக, அதாவது வெளிர் நீராக எடுக்கும்படி வையுங்கள்.
5. டோஸிங் பம்ப், டைமர் எல்லாவற்றின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். நேரம் பூஜ்யத்துக்குப் போன டைமர் இரவு டோஸைப் பகலில் கொட்டும்.

அன்று மாலையும் மறுநாளும் அம்மோனியா அளக்கவும். எதுவும் தெரிந்தால் தயாராக உள்ள உப்புநீரில் 20 சதவீதம் மாற்றுங்கள். செத்த நத்தை ஒன்று கல்லிடுக்கில் கிடந்தால் போதும், எண் ஏறிக்கொண்டே இருக்கும். மோந்து பார்த்துத் தேடுங்கள். புது கார்பன் போடுங்கள். விளக்கை முதல் மூன்று நாள் பாதி நேரம் மட்டும் எரிய விடுங்கள். இருட்டிலிருந்து வந்த பவளத்துக்கும் நல்லது, செத்தவற்றின் சத்தை உண்டு கிளம்பக் காத்திருக்கும் பாசிக்கும் வெளிச்சம் குறையும். இரண்டு வாரம் கழித்து சயனோ தலைகாட்டினால் ஆச்சரியப்படாமல் குழாயை எடுங்கள்.

மாதம் ஒருமுறை

தொட்டியின் மெயின் பிளக்கைப் பிடுங்கிப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். சம்ப் எங்கே வரை நிரம்புகிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். விளிம்புக்கும் கோட்டுக்கும் இடையில் மூன்று விரற்கிடையாவது இல்லையென்றால் சம்பில் வழக்கமான மட்டத்தைக் குறையுங்கள். செக் வால்வை நம்பாதீர்கள், ஒரு நத்தை ஓட்டுத் துண்டு சிக்கினால் மூடாது. ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போட்ட சைஃபன் துளைதான் காப்பு. அதில் முடிப் பாசியோ சுண்ணாம்புபோலப் படியும் கோரலைன் பாசியோ அடைத்திருக்கும், பல்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஏடிஓ (ஆவியான நீருக்கு ஈடாகத் தானே நல்ல நீர் ஊற்றும் கருவி) குழாயின் நுனியை நல்ல நீர்த் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தூக்கிக் கட்டுங்கள்; நல்ல நீர்த் தொட்டி உயரத்தில் இருந்தால் ஏடிஓ பம்ப் நின்ற பிறகும் சைஃபனாக வழிந்துகொண்டே இருக்கும்.

பேட்டரி ஏர் பம்ப் தானே ஓடத் தொடங்கியதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள். பிளக்கை மறுபடி சொருகும்போது ஒவ்வொரு பம்ப்பையும் காது கொடுத்துக் கேளுங்கள். சில டிசி கன்ட்ரோலர்கள் கரண்ட் திரும்பினாலும் பட்டனை அழுத்தும்வரை அணைந்தே கிடக்கும். பழைய ஏசி பம்ப் உறுமிவிட்டு நின்றால் இம்பெல்லரில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பம்ப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல நீரில் அலசி மாட்டுங்கள்.